லேவில் மலைத்தடம் ஓட: முதல்முறை போகிறவர்களுக்கு

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் கூடுதல் உயரம். ஊரைச் சுற்றி ஓடுவதற்கான தடங்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. விடுதி வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மண்பாதை மேலே ஏறிக்கொண்டிருக்கும். எந்தத் தடத்தை எந்த நாளில் ஓடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் என்னென்ன தாள்கள் வேண்டும், எந்தப் பொருளை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தகவல்களைத் திரட்ட நான் அலைந்தது கொஞ்சமில்லை. கிடைத்ததில் பாதி மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்காக எழுதியது, மீதி ஐரோப்பாவிலிருந்து வழிகாட்டியோடு வருகிறவர்களுக்காக எழுதியது. சென்னையிலோ கோவையிலோ ஓடிப் பழகிவிட்டு, சொந்தச் செலவில், தனியாகவோ ஓரிரு நண்பர்களோடோ போகிறவருக்கு என்ன தேவையோ அதை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாதத்தையும் நாட்களையும் முடிவு செய்யுங்கள்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் ஓட ஏற்ற காலம். ஜூனில் உயரக் கணவாய்களில் பனி மிச்சமிருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பகல் வெயில் நம் ஊர் மார்கழி மதியம் மாதிரிதான், ஆனால் பனிமலை உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறும். லடாக் மழை மறைவுப் பகுதிதான். இருந்தாலும் 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பில் லே என்ன பாடுபட்டது என்பது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் ஓடைப் பள்ளத்தாக்குகளுக்குள் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதிதான் சிறந்தது. வானம் தெளிவாக இருக்கும், ஓடைகள் வடிந்திருக்கும், வாற்கோதுமை அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஒரே சிக்கல், லடாக் மாரத்தான் அந்த மாதத்தில்தான் நடக்கிறது. அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணமில்லை என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊரைச் சுற்றிய தடங்களும் சிந்து நதிக்கரையும் போதும் என்றால் பத்து நாள் ஒதுக்குங்கள். 4,800 மீட்டரைத் தாண்டும் கணவாய் ஒன்றையாவது ஏற வேண்டும் என்றால் இரண்டு வாரம். அலுவலகத்தில் ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் ஓடும் திட்டத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போங்கள். வாரக்கடைசி இரண்டையும் சேர்த்து ஒன்பது நாளாக நீட்டி, நான்காம் நாளே கணவாய்க்குக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை மருத்துவமனையில்தான் பார்க்க முடியும்.

2. இரண்டு மாதத்துக்கு முன்: மருத்துவர், ரத்தப் பரிசோதனை, காப்பீடு

லேவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. நீங்கள் மாரத்தானை நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பவர் என்பதால் அங்கே உங்களுக்குச் சலுகை எதுவும் கிடையாது. உடல்தகுதிக்கும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய்க்கும் நேரடித் தொடர்பில்லை. சொல்லப்போனால் நன்றாக ஓடுகிறவர்கள்தான் முதல் நாளே வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் மருத்துவரிடம் மூன்று விஷயங்கள் பேசுங்கள். முதலாவது, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் அளவு. இரும்புச் சத்து குறைவாக இருந்தால் உயரத்துக்கு ஏற்ப உடல் புது ரத்த அணுக்களை உருவாக்கத் திணறும். மாத்திரை எடுத்து அளவு ஏற வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இரண்டு மாதம் முன்பே பார்க்கச் சொல்கிறேன். இரண்டாவது, அசெட்டசோலமைடு, கடைகளில் டயமாக்ஸ் என்று கேட்டால் தருவார்கள். மலைநோயைத் தடுக்கப் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி ஊசி குத்துவது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இவையெல்லாம் மருந்தின் விளைவுகள், மலைநோய் இல்லை. நண்பர் சொன்னார் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மூன்றாவது, நாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காப்பீட்டில்தான் பெரிய பொறி இருக்கிறது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடக்கும் எதற்கும் பணம் கிடையாது என்று சிறு எழுத்தில் எழுதியிருக்கும். 'சாகச விளையாட்டு' விலக்குப் பட்டியலில் மலைநடையைச் சேர்த்திருப்பவையும் உண்டு. லேவில் படுத்துத் தூங்கினாலே 3,500 மீட்டர். உச்சவரம்பு எத்தனை மீட்டர், மலைத்தடத்தில் ஓடுவது அடங்குமா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்ற மூன்று கேள்விகளையும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "ஆமாம் சார், எல்லாம் கவர் ஆகும்" என்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதும் ஏற்காட்டில் ஓடுவதும் கால்களுக்கு அருமையான பயிற்சி. நுரையீரலை உயரத்துக்குப் பழக்க அவை உதவாது. கொடைக்கானலில் ஒரு வாரக்கடைசி தங்கினாலும் அப்படியே. உயரத்துக்குப் பழகுவதை லேவில்தான் செய்ய வேண்டும்.

3. தாள்களும் அனுமதியும்

இந்தியக் குடிமக்களுக்கு லே நகரம், ஷே, திக்ஸே, ஸ்பிடுக், ஸ்டோக், லிக்கிர் என்று இந்தக் கட்டுரையில் வரும் ஊர்களில் ஓட உள்நுழைவு அனுமதி தேவையில்லை. நூப்ரா, பாங்கோங் போன்ற எல்லைப் பகுதிகளுக்குப் போவதாக இருந்தால் லே மலை மேம்பாட்டுக் குழுவின் இணையதளத்தில் அப்போதைய விதியைப் பாருங்கள். இந்த நடைமுறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. போன ஆண்டு போய் வந்தவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பின்னால் சொல்லப்போகும் ரும்பாக் கிராமத்தின் பக்கம் போனால் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறீர்கள், அங்கே தனி நுழைவுக் கட்டணம் உண்டு. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். அதற்கான அனுமதியை லேவில் பதிவுபெற்ற பயண முகவர் வழியாக எடுக்க வேண்டும். லே நகரத்துக்கு இது தேவையில்லை என்பதால் பலர் அசட்டையாக வந்துவிட்டுச் சோதனைச் சாவடியிலிருந்து திரும்புகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை, அதன் நகல்கள் ஐந்தாறு, மருந்துச் சீட்டு, காப்பீட்டு எண், ரத்தப் பிரிவும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு அட்டை. கைபேசியில் படமாக இருக்கிறதே என்று நகல் எடுக்காமல் போகாதீர்கள்.

4. கைபேசியும் கருவிகளும்

தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் மட்டும்தான். ப்ரீபெய்டிலிருந்து மாற்றுவதைப் புறப்படும் முந்தைய நாள் வைத்துக்கொள்ளாமல் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். லே ஊருக்குள் இணையம் பரவாயில்லை. பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் போய்விடும். ஆகவே வரைபடங்களை விடுதியில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தடக் கோப்பைக் கைக்கடிகாரத்திலும் ஏற்றிவிடுங்கள்.

அடுத்ததுதான் மிக முக்கியம். செயற்கைக்கோள் தொலைபேசியோ, இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியோ உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். சிங்கப்பூரிலோ கனடாவிலோ மலைக்குப் போகிறவர்கள் பையில் எப்போதும் தொங்கும் கருவி அது. விமான நிலையப் பரிசோதனையில் சிக்கினால் கைது வரை போகும். வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாதாரண ஜிபிஎஸ் கைக்கடிகாரத்துக்குப் பிரச்சினை இல்லை. ட்ரோனையும் கொண்டு போகாதீர்கள்.

5. போகும் வழி

சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானம் எளிது, ஆனால் உடலுக்குக் கடினம். காலையில் 200 மீட்டர் உயரத்தில் காபி குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறங்குகிறீர்கள். லே விமானங்கள் பெரும்பாலும் டெல்லியிலிருந்து அதிகாலையில் கிளம்பும். நள்ளிரவு டெல்லியில் இறங்கி, விமான நிலைய நாற்காலியில் விழித்திருந்து, அப்படியே லே போவது காசை மிச்சப்படுத்தும். தூக்கமில்லாத உடம்போடு உயரத்துக்குப் போனால் முதல் இரண்டு நாள் வீணாகும். டெல்லியில் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது.

நேரம் இருந்தால் ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் போங்கள். சுமார் 420 கிலோமீட்டர், கார்கிலில் ஓர் இரவு. கார்கில் 2,700 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் உடல் படிப்படியாகப் பழகும். இரண்டு இரவு தங்கினால் இன்னும் நல்லது.

மணாலி வழி பார்க்க அழகு, உயரத்துக்குப் பழகுவதற்கு மோசம். நடுவில் சர்ச்சுவில் கூடாரத்தில் படுக்க வைப்பார்கள், அது லேவைவிட உயரம், சுமார் 4,300 மீட்டர். மணாலி வழிதான் என்றால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, அங்கிருந்து ஒரே நாளில் லே வந்து சேரும்படி திட்டமிடுங்கள்.

6. முதல் மூன்று நாள் காலணியை வெளியே எடுக்காதீர்கள்

விமானத்தில் வந்திருந்தால் முதல் நாள் அறையிலேயே இருங்கள். தூங்கிக்கொண்டே இருக்க வேண்டாம். உட்கார்ந்து படியுங்கள், மாடியில் வெயிலில் இருங்கள். தண்ணீர் குடியுங்கள், ஆனால் யாரோ சொன்னார் என்று ஆறு லிட்டர் குடித்து உப்புச் சத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

இரண்டாம் நாள் கடைத்தெரு வரை நடை. மூன்றாம் நாள் லேவின் சாங்ஸ்பா பகுதிச் சந்துகளில் மெதுவாக ஒரு மணி நேரம். நான்காம் நாள் காலை தலைவலி இல்லாமல், பசியோடு எழுந்தால் ஓடலாம். தலைவலி இருந்தால் இன்னொரு நாள் பொறுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் வாங்கிப் போகலாம், தப்பில்லை. அதைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவதுதான் தப்பு. லேவில் இறங்கிய புதிதில் 85 முதல் 90 வரை காட்டுவது சாதாரணம். எண்ணைவிட அறிகுறிகள் முக்கியம். தலைவலியோடு குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் மலைநோய். மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் கூடிக்கொண்டே போனால், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். நேர்க்கோட்டில் ஒரு காலின் விரல் நுனியோடு மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் வீக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டிலும் காத்திருக்கவே கூடாது. நள்ளிரவாக இருந்தாலும் விடுதிக்காரரை எழுப்பி எஸ்.என்.எம். மருத்துவமனைக்குப் போங்கள். அது அரசு மருத்துவமனை, மலைநோயோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள்.

லேவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. "உடனே கீழே இறங்கு" என்று எல்லா மலைநூலிலும் எழுதியிருக்கும். லேவிலிருந்து வழக்கமான சாலையில் மணாலிக்கு இறங்க வேண்டுமானால் 5,300 மீட்டரைத் தாண்டும் தாங்லாங் லா கணவாயில் ஏறியாக வேண்டும். ஸ்ரீநகர் பக்கம் ஃபோட்டு லா 4,100 மீட்டர். சாலையில் சட்டென்று உயரம் குறைய ஒரே வழி, சிந்து நதியோடு மேற்கே கல்சி வரை போவதுதான். அது சுமார் 3,000 மீட்டர். இதை முன்பே தெரிந்துவைத்திருந்தால் பதற்றத்தில் தவறான வண்டியில் ஏற மாட்டீர்கள்.

7. ஊரைச் சுற்றி: நான்காம் நாள் முதல்

வேகத்தை மறந்துவிடுங்கள். சமவெளியில் ஆறு நிமிடத்தில் ஓடும் கிலோமீட்டருக்கு இங்கே எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். ஏற்றத்தில் நடங்கள். முழு வாக்கியம் பேச மூச்சு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், இதய மானியைவிட அது நம்பகமானது.

முதல் ஓட்டத்துக்கு சாந்தி ஸ்தூபி. கடைத்தெருவிலிருந்து சாங்ஸ்பா சாலை வழியாகப் போய், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை நடந்தே ஏறி, மறுபக்கம் வண்டிச் சாலையில் ஓடி இறங்கலாம். படிகளில் ஓட வேண்டும் என்று கால் துடிக்கும். வேண்டாம்.

அடுத்து நாம்கியால் செமோ. பழைய ஊரின் சந்துகள் வழியாக அரண்மனைக்கு ஏறி, அங்கிருந்து வளைந்து வளைந்து போகும் செம்மண் தடத்தில் மேலே கோம்பா (பௌத்த மடம்) வரை. தடம் குறுகலானது, சரளைக்கல் வழுக்கும், இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். மேலே போனால் லே முழுவதும் காலடியில் இருக்கும். எதிரே ஸ்டோக் மலைத்தொடர். ஊருக்குள் எனக்குப் பிடித்தது இதுதான். தூரம் குறைவு, ஆனால் உண்மையான மலைத்தடம்.

கால் பழகியதும் வடக்கே ஷங்கர் கோம்பாவைத் தாண்டி கோன்பா கிராமம் வழியாகப் பள்ளத்தாக்கின் மேல்பக்கம் போகலாம். வாய்க்கால் ஓரமாக, பாப்லர் மரங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே ஓடும் பாதைகள் இவை. மேலே போகப்போக மரம் குறைந்து வெறும் கல்லாகிவிடும். எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம், திரும்பும் வழி முழுக்க இறக்கம். முதல் வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தடம் இல்லை.

8. சிந்து கரை: நீண்ட ஓட்டத்துக்கு

சோக்லம்சர், ஷே, திக்ஸே ஊர்கள் லேவைவிட 200, 250 மீட்டர் தாழ்வாக, சுமார் 3,250 மீட்டரில் இருக்கின்றன. கொஞ்ச வித்தியாசம்தான், மூச்சில் தெரியும். லேவிலிருந்து மினிபஸ்ஸில் ஷே போய் இறங்கி, வயல்வெளிப் பாதையில் வெள்ளைச் சோர்த்தன்களுக்கு (பௌத்த ஸ்தூபிகள்) நடுவே திக்ஸே மடம் வரை ஓடலாம். ஷே லேவிலிருந்து 15 கிலோமீட்டர், திக்ஸே 19. தூரம் போதாது என்றால் அதே வழியில் திரும்புங்கள். நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது, அதில் ஓடாதீர்கள். ராணுவ லாரிகள் வரிசையாக வரும், ஓரமும் கிடையாது.

காலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் சிந்து பள்ளத்தாக்கில் காற்று கிளம்பினால் மணலை அள்ளி முகத்தில் வீசும்.

9. ரும்பாக், ஸ்டோக் லா: இரண்டாம் வாரம் மட்டும்

இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான் என்பேன். இரண்டு நாள் தேவை. ஸ்பிடுக்கில் சிந்துவைக் கடந்து ஆற்றோரமாகப் போகும் மண்சாலை ஸிங்சென் வரை செல்கிறது. நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதை ஓடித்தான் தீர்ப்பேன் என்று அடம்பிடிக்காமல் டாக்ஸியில் போய் இறங்குங்கள். ஸிங்செனிலிருந்து செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஓடையைத் தாண்டித் தாண்டி ஏறினால் ரும்பாக் கிராமம், ஏறக்குறைய 4,000 மீட்டர். பனிச்சிறுத்தை பார்க்கக் குளிர்காலத்தில் ஆட்கள் வரும் ஊர் இது. வீடுகளில் தங்க வைப்பார்கள். யார் வீட்டுக்கு அன்று முறை என்று ஊரே முடிவு செய்யும். இரவுச் சாப்பாடும் காலை உணவும் கட்டுச்சோறும் வாடகையிலேயே சேர்த்தி.

மறுநாள் விடிந்ததும் கிளம்பி 4,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஸ்டோக் லா கணவாய் ஏறி, மறுபக்கம் ஸ்டோக் கிராமத்துக்கு இறங்க வேண்டும். ஏற்றத்தில் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணவாய்க்கு அப்பால் இறக்கம் உடைகல்லாகச் சரியும், அதனால் ஊன்றுகோல் இரண்டும் வேண்டும். அதன் பிறகு ஓடைப் படுகையில் ஓட வசதியான தடம் வரும். இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, பனி உருகி மதியத்தில் ஓடை ஏறும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் முழங்காலைத் தாண்டும். இன்னொன்று, ஆட்டுத்தடங்கள். மந்தை போன தடமும் மனிதத் தடமும் ஒன்று போலவே இருக்கும். கைக்கடிகாரத்தில் உள்ள கோட்டை விட்டு நூறு மீட்டர் விலகியதுமே நின்று பாருங்கள். அடுத்த திருப்பம் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். துணையில்லை என்றால் லேவில் ஒரு வழிகாட்டியை அமர்த்துங்கள். எத்தனை மணிக்குள் ஸ்டோக் வந்து சேர்வீர்கள், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று விடுதிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

10. கணவாய் வேண்டாம் என்றால் ஷாம்

லேவுக்கு மேற்கே ஷாம் பகுதியில் லிக்கிர், யாங்தாங், ஹெமிஸ் ஷுக்பாசன், தெமிஸ்காம் என்று கிராமம் விட்டுக் கிராமம் போகும் தடம். 4,000 மீட்டரைத் தாண்டாது. நடக்கிறவர்கள் மூன்று நாள் எடுப்பார்கள், ஓடுகிறவர்களுக்கு இரண்டு நாள் தாராளம். ஒவ்வொரு ஊரிலும் தங்க வீடு உண்டு. எல்லா ஊருக்கும் சாலை வந்துவிட்டதால் மலைநடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் ஏளனமாகப் பேசுவார்கள். முதல்முறை வருகிறவருக்கு அந்தச் சாலைதான் காப்பு. முடியவில்லை என்றால் நின்று வண்டி பிடித்துவிடலாம்.

11. விட்டுவிட வேண்டிய இரண்டு பெயர்கள்

கர்துங் லா. லேவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், 5,359 மீட்டர். நீண்ட காலம் அங்கிருந்த பலகை இதைவிட அதிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது மலைத்தடம் இல்லை, தார்ச்சாலை. டீசல் புகையும் லாரியும்தான் துணை. லடாக் மாரத்தானில் அந்தக் கணவாய் வழியாக 72 கிலோமீட்டர் போட்டி ஒன்று நடக்கிறது. அதில் சேர மருத்துவச் சான்றும் முன்கூட்டியே வந்து தங்கிப் பழகுவதும் கட்டாயம். போட்டி நாளில் மருத்துவக் குழு கூட இருக்கும், மற்ற நாட்களில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்டோக் காங்க்ரி, 6,153 மீட்டர். கூட்டம் தாங்காமல் 2020-இல் ஏறத் தடை போட்டார்கள். "நான் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். கிராமத்துக் குடிநீர் அந்த மலையிலிருந்துதான் வருகிறது, ஊர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

12. தடத்தில் கவனிக்க வேண்டியவை

நாய்கள். லேவின் உண்மையான ஆபத்து இதுதான், பயணக் கையேடுகள் எழுதுவதில்லை. ஊர் எல்லையிலும் ராணுவ முகாம்களின் குப்பைமேட்டருகிலும் கூட்டமாகத் திரியும். இருட்டில் தனியாக ஓடாதீர்கள். எதிரே வந்தால் ஓடாமல் நின்று, குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டுங்கள். பெரும்பாலும் விலகிவிடும். கடித்துவிட்டால் காயத்தைக் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்தடுப்பு ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும்.

ராணுவ வேலிகள். லேவைச் சுற்றிப் பெரும்பகுதி முகாம் நிலம். வரைபடத்தில் பாதை இருந்தாலும் வேலியோ அறிவிப்போ கண்டால் திரும்பிவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். அந்தப் பக்கம் ஓடியதைச் செயலியில் எல்லோருக்கும் தெரியும்படி பதிவிடவும் வேண்டாம்.

மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவரும் சோர்த்தனும் வந்தால் அவை உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி சுற்றிப் போங்கள். வயல் வரப்பில் எதிரே வருகிறவருக்கு "ஜுலே" (லடாக்கி மொழியில் வணக்கம்) சொல்லுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், காற்றைத் தடுக்கும் மேலங்கி, கதகதப்பான இன்னொரு சட்டை, தலைவிளக்கு, ஊதல், கறுப்புக் கண்ணாடி, வெயில் பூச்சு, உதட்டுக்குக் களிம்பு. வெயில் சுடாது, ஆனால் தோலை உரித்துவிடும். ஓடும்போது சாப்பிடும் ஆற்றல் ஜெல் தேடி அலைய வேண்டாம். கடைத்தெருவில் பெண்கள் விற்கும் உலர்ந்த சர்க்கரை பாதாமி போதும், கூடக் கொஞ்சம் உப்புக் கடலை. காலையில் லடாக்கின் தடித்த கம்பீர் ரொட்டி நன்றாகத் தாங்கும்.

13. செலவு

விமானம்தான் பெரிய செலவு. இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் சென்னையிலிருந்து போக வர இருபதாயிரத்தை ஒட்டி முடிக்கலாம், கடைசி வாரத்தில் இருமடங்கு ஆகும். சாங்ஸ்பா பக்கம் குடும்பம் நடத்தும் விடுதியில் இருவருக்கான அறை ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள். கிராமத்து வீடுகளில் சாப்பாட்டோடு ஆளுக்கு ஏறக்குறைய அதே அளவு. டாக்ஸிக்குச் சங்கம் அச்சிட்ட கட்டணப் பட்டியல் உண்டு, அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பேரம் அதற்குக் கீழேதான். ஸிங்சென் போன்ற இடங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனால் பாதியாகும். திக்ஸே பக்கத்துக்கு மினிபஸ் போதும், சில பத்து ரூபாய்தான். லேவில் யுபிஐ நடக்கும், கிராமங்களில் ரொக்கம் மட்டும். லேவிலிருந்து கிளம்பும்போதே ஐந்நூறு, நூறு நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கும் தவறிய விமானத்துக்கும் என்று பத்தாயிரம் தனியே ஒதுக்கி வையுங்கள்.

14. திரும்பும்போது

லேவிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே கிளம்பிவிடும், மேகம் இறங்கினால் ரத்தாகும். அதனால் டெல்லியிலிருந்து சென்னைக்கான பயணச்சீட்டை அதே நாள் மதியத்துக்கு எடுக்காதீர்கள். மறுநாளைக்கு எடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே பதிவில் எடுங்கள். அப்போது முதல் விமானம் ரத்தானால் அடுத்ததற்கு நிறுவனமே பொறுப்பு. விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள், சோதனை பல கட்டமாக நடக்கும். பவர் பேங்க் கைப்பையில், ஊன்றுகோல் பெரிய பையில். மீந்துபோன அடுப்பு எரிவாயு டப்பா இருந்தால் விடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.